ஒரே டிஎன்ஏ இருக்கும்போது செல்கள் வேறுவேறாக இருப்பது எப்படி? குளோபின் மரபணுக்களை முன்வைத்து ஒரு விளக்கம்

நண்பர் கேட்டிருப்பவை மூன்று. மனித உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது என்றால், இந்தச் செல்லில் இந்த மரபணுதான் இயங்க வேண்டும் என்று முடிவு செய்வது எது? பாக்டீரியாவை வைத்துப் பள்ளியில் படித்த லாக் ஓபெரான் விளக்கம், அதாவது பால் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுக்களை ஒரு புரதம் தடுத்தும் விடுத்தும் கட்டுப்படுத்துகிறது என்ற விளக்கம், நமக்கும் பொருந்துமா? உணவாலும் எண்ணத்தாலும் மரபணுக்களின் இயக்கத்தை மாற்றி, அந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்கும் கடத்தலாம் என்கிறார்களே, அது உண்மையா? கேள்விகள் மூன்றானாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். செல்லுக்குள் உத்தரவிடும் இடம் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அந்த இடத்துக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார். அப்படி ஒரு தனி இடம் கிடையாது. ஒரு மரபணு எந்த அளவில் இயங்கும் என்பது, அந்தச் செல்லில் அப்போது இருக்கும் பல புரதங்களின் கூட்டாலும், அந்தச் செல் இதுவரை கடந்து வந்த வளர்ச்சிப் படிகளாலும் அமைகிறது. நான் பல ஆண்டுகளாக இரத்தச் செல்களின் மரபணு ஒழுங்குமுறையில் ஆய்வுப்பணி செய்து வருகிறேன். ஆகவே எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஹீமோகுளோபினை உருவாக்கும் குளோபின் மரபணுக்களிலிருந்தே எடுக்கிறேன். தாவரங்களிலும் பூஞ்சைகளிலும் இதே அடிப்படைகளோடு வேறு சில வழிகளும் உண்டு. அவை என் துறைக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்குள் செல்லவில்லை.

முதலில், எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் என்ற கூற்று வெறும் அனுமானமன்று, சோதித்து நிறுவப்பட்டது. 1962இல் ஜான் கர்டன், தவளைக் குஞ்சின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை, தன் உட்கருவை இழந்த முட்டைக்குள் செலுத்தி, அதிலிருந்து முழுமையான உயிரி வளர முடியும் என்று காட்டினார். 1996இல் பிறந்த டாலி என்ற செம்மறியாடு, வளர்ந்த ஆட்டின் பால்மடிச் செல்லின் உட்கருவிலிருந்து உருவானது. குடல் செல்லாகவோ மடிச் செல்லாகவோ மாறும்போது மற்ற மரபணுக்கள் தொலைந்திருந்தால் இவை நடந்திருக்க முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு. எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்கள் தம் டிஎன்ஏயின் ஒரு பகுதியை உண்மையிலேயே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்கள் உட்கருவையே வெளியேற்றிவிடுகின்றன. இவற்றை விட்டுவிட்டால், புரதத்துக்கான ஏறத்தாழ 20,000 மரபணுக்களும் நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன என்று கொள்ளலாம்.

லாக் ஓபெரானைப் பொறுத்தவரை, 1961இல் ஜேக்கப், மோனோ இருவரும் முன்வைத்த அடிப்படைக் கருத்து நமக்கும் பொருந்துகிறது. ஒரு மரபணுவின் விளைபொருளான புரதம் இன்னொரு மரபணுவின் டிஎன்ஏயில் அமர்ந்து அதன் இயக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதே அந்தக் கருத்து. ஏற்பாடுதான் வேறு. பாக்டீரியாவில் ஒரே வேலைக்கான மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து அமைந்து ஒரே ஆர்என்ஏயாக, அதாவது புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஒரே நகலாக, படியெடுக்கப்படுகின்றன. நம்மிடம் ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமிலும், பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. இரண்டு சங்கிலிகளும் ஏறக்குறையச் சம அளவில் உருவாக வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றது மிஞ்சிப் படிந்து செல்லைக் கெடுக்கும், அதுதான் தலசீமியா. இரு வேறு குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள் ஒரே செல்லில், ஒரே காலத்தில் விழித்துக்கொள்கின்றன என்றால், இரண்டையும் அடையாளம் காணும் பொதுவான புரதங்கள் அங்கே இருந்தாக வேண்டும். அதோடு, பாக்டீரியாவில் ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அதைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. நம் செல்களில் உட்கருவுக்குள் படியெடுப்பும், வெளியே புரத உற்பத்தியும் பிரிந்து கிடப்பதால், இடைப்பட்ட ஒவ்வொரு படியும் கட்டுப்பாட்டுக்கு ஓர் இடமாகிறது.

மிகப் பெரிய வேறுபாடு, டிஎன்ஏ வெறுமையாக இருப்பதில்லை என்பதுதான். ஒரு மனிதச் செல்லின் டிஎன்ஏயை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள உட்கருவுக்குள் அடங்கியாக வேண்டும். ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த ஒவ்வோர் உருளையைச் சுற்றியும் 147 எழுத்து நீள டிஎன்ஏ சுற்றிக்கொள்கிறது. நியூக்ளியோசோம் எனப்படும் இந்த அமைப்பு வரிசையாகத் தொடர்ந்து, மேலும் மடிந்து நெருங்குகிறது. இப்படிச் சுற்றப்பட்ட இடத்தில் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் எளிதில் அமர முடியாது. ஆகவே பாக்டீரியாவில் தடை இல்லாதவரை மரபணு இயங்கத் தயாராக இருக்கிறது என்றால், நம்மிடம் யாராவது திறந்துவிடாதவரை அது மூடியே கிடக்கிறது. 1976இல் வைன்ட்ராப், குரூடின் இருவரும் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. கோழியின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. அவற்றின் உட்கருக்களில் டிஎன்ஏயை வெட்டும் ஒரு நொதியைச் சிறிதளவு சேர்த்தபோது, குளோபின் மரபணு விரைவாக வெட்டுப்பட்டது. கோழியின் மூளைச் செல் உட்கருவில் அதே மரபணு அப்படி வெட்டுப்படவில்லை. எழுத்துகள் ஒன்றே, நொதியும் ஒன்றே, பொதியப்பட்ட விதம் மட்டுமே வேறு. இன்று உட்கரு முழுவதும் எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்று ஒரே சோதனையில் வரைபடமாக எடுக்கிறோம், ஆனால் அதன் தர்க்கம் இந்தப் பழைய சோதனையினுடையதுதான்.

திறப்பது யார் என்பது அடுத்த கேள்வி. மனித மரபணுத் தொகுதியில் டிஎன்ஏயின் குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டு ஒட்டிக்கொள்ளும் படியெடுப்புக் காரணிகள் ஏறத்தாழ 1,600 இருக்கின்றன. அவை அடையாளம் காணும் வரிசைகள் மிகக் குட்டையானவை, பெரும்பாலும் 6 முதல் 12 எழுத்துகள்தான். இதிலிருந்து எழும் சிக்கலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு எழுத்துகளால் ஆன 6 எழுத்து வரிசை ஒன்று தற்செயலாகவே 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை வரும். 300 கோடி எழுத்துகளில் அது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வரும். சிவப்பணு உருவாக்கத்தின் மையக் காரணியான காட்டா-1 தேடும் வரிசையில் இரண்டு இடங்களில் எழுத்துத் தளர்வும் உண்டு. ஆகவே அதற்குப் பொருந்தும் இடங்கள் பல லட்சங்களைத் தாண்டுகின்றன. ஆனால் உண்மையான செல்லில் அந்தப் புரதம் உட்கார்ந்திருக்கும் இடங்களைக் கணக்கிட்டால், பொருந்தும் இடங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் வருகிறது. மற்றவை நியூக்ளியோசோமில் பொதிந்து கிடக்கின்றன, அல்லது அருகே துணைக்கு வேறு காரணிகள் இல்லை. காட்டா-1 அமரும் இடங்களை நெருங்கிப் பார்த்தால், பக்கத்திலேயே டால்-1, கேஎல்எஃப்-1 போன்ற பிற சிவப்பணுக் காரணிகளுக்கான வரிசைகள் அடிக்கடி தென்படும். ஒரு புரதம் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. சில புரதங்கள் சேர்ந்து அமரும் இடத்தில்தான் நியூக்ளியோசோம் விலகுகிறது, ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதிகளை ஏற்றும் நொதிகளும் பாலிமரேஸை அழைக்கும் பெரிய புரதக் கூட்டங்களும் வந்து சேர்கின்றன.

எங்கள் துறையில் பலரும் பயன்படுத்தும் எலிச் செல் வரிசை ஒன்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காட்டா-1 மரபணு நீக்கப்பட்டதால் அந்தச் செல்கள் சிவப்பணுவாக மாறும் பாதையின் நடுவில் நின்றுவிட்டவை. அவை பிரிந்து பெருகும், ஆனால் முதிராது. காட்டா-1 புரதத்தை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஒரு துண்டோடு இணைத்து அந்தச் செல்களுக்குள் வைத்திருப்பார்கள். எஸ்ட்ராடியால் என்ற ஹார்மோனைச் சேர்க்கும்வரை அந்தப் புரதம் செயல்படாது. ஹார்மோனை வளர்ப்புக் கரைசலில் சில துளி சேர்த்துவிட்டு, அவ்வப்போது சிறிதளவு எடுத்து மையவிலக்கியில் சுற்றினால், குழாயின் அடியில் படியும் செல் திரள் முதலில் வெண்மையாக இருக்கும். ஓரிரு நாட்களில் அது இளஞ்சிவப்பாகி, பிறகு செம்மை கூடிக்கொண்டே போகும். டிஎன்ஏயில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரே ஒரு காரணி செயல்படத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் அளவு கூடியும் குறைந்தும் மாறுகிறது. ஆனால் இதே காட்டா-1ஐ ஒரு தோல் செல்லுக்குள் செலுத்தினால் அது சிவப்பணுவாகிவிடாது. துணைக் காரணிகளும் ஏற்கெனவே ஓரளவு திறந்த இடங்களும் அங்கே இல்லை. ஒரே புரதத்துக்கு இரண்டு செல்கள் தரும் பதில் வேறாக இருப்பதில்தான் நண்பரின் முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

இந்தக் காரணிகள் அமரும் இடங்கள் மரபணுவின் தொடக்கத்தில் உள்ள புரமோட்டரில் மட்டும் இல்லை. 1981இல் ஷாஃப்னரின் ஆய்வுக்குழு, ஒரு வைரஸின் டிஎன்ஏத் துண்டைக் குளோபின் மரபணுவுக்கு முன்னாலோ பின்னாலோ, ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி வைத்தாலும், திசையைத் திருப்பி வைத்தாலும், மரபணுவின் இயக்கம் பெருமளவில் கூடுகிறது என்று கண்டறிந்தது. என்ஹான்சர் என்ற சொல் அங்கிருந்துதான் நிலைபெற்றது. பீட்டா குளோபின் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட பல என்ஹான்சர்கள் சேர்ந்த வலிமையான பகுதி ஒன்று, முதிர்ந்தோர் பயன்படுத்தும் பீட்டா மரபணுவிலிருந்து பல பத்தாயிரம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மரபணு இயங்கும்போது இடைப்பட்ட டிஎன்ஏ வளைந்து இரண்டும் அருகருகே வருகின்றன. நெருங்கி வருவதால் மரபணு இயங்குகிறதா, இயங்குவதால் நெருங்கி வருகிறதா என்ற ஐயம் நீண்ட காலம் இருந்தது. 2012இல் பிளோபலின் ஆய்வகம், காட்டா-1 இல்லாத செல்லில், புரமோட்டரோடு ஒட்டும்படி வடிவமைத்த ஒரு புரதத்தின் வழியே அந்த வளைவை வலிந்து உருவாக்கியது. மரபணு கணிசமாக இயங்கத் தொடங்கியது. குளோபினைப் பொறுத்தவரை நெருக்கம் ஒரு காரணம் என்பதை இதனால் உறுதியாகச் சொல்லலாம். இதை எல்லா மரபணுக்களுக்கும் நீட்டுவதற்குத்தான் நான் தயங்குவேன். குரோமோசோம்களில் பெரிய வளைவுகளைத் தாங்கும் கொஹீசின் என்ற புரதத்தை மனிதச் செல் வரிசை ஒன்றில் விரைவாக அழித்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், அந்த வளைவுகள் ஏறக்குறைய எல்லாம் மறைந்தன. ஆயினும் பெரிதாக மாறிய மரபணுக்கள் சிலவே. என்ஹான்சரும் புரமோட்டரும் எவ்வளவு நெருங்க வேண்டும், எவ்வளவு நேரம் நெருங்கியிருக்க வேண்டும், அங்கே புரதங்கள் துளிகளாகத் திரள்வது காரணமா உடன்நிகழ்வா என்பன இன்னும் முடிவாகாத விவாதங்கள். இவற்றை முடிந்த உண்மைபோலச் சொல்லும் படங்களையும் காணொளிகளையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பாருங்கள்.

மரபணுவை, போட்டால் எரிந்து அணைத்தால் அணையும் விளக்கின் சுவிட்சோடு ஒப்பிடுவது எங்கே தவறுகிறது என்பதையும் குளோபினில் பார்க்கலாம். கருவில் இருக்கும்போது நம் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி இருக்கிறது. பிறந்து சில மாதங்களில் காமா மரபணுக்கள் அடங்கி பீட்டா மேலெழுகிறது. முதிர்ந்தவரின் இரத்தத்தைச் சோதித்தால் கருநிலை ஹீமோகுளோபின் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும். எல்லாச் செல்களிலும் சிறிது சிறிது இருக்கிறது என்று இதைப் படித்துக்கொள்வது எளிது. செல் செல்லாகச் சாயமேற்றிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் அது தென்படாது, சில செல்களில் மட்டும் நன்றாகத் தெரியும் அளவில் இருக்கும். காரணம், படியெடுப்பு சீரான ஓட்டமாக நடப்பதில்லை. மரபணு சிறிது நேரம் வெடித்தெழுந்தாற்போல் பல ஆர்என்ஏக்களை உருவாக்கிவிட்டு அடங்கும், மீண்டும் எழும். என்ஹான்சர்கள் பெரும்பாலும் இந்த எழுச்சிகள் எத்தனை முறை நிகழ்கின்றன என்பதை மாற்றுகின்றன. ஒரே தட்டில், ஒரே கரைசலில் வளரும் ஒரே வகைச் செல்களிலும் ஒரு நேரத்தில் அளவுகள் வேறுபடுவது இதனால்தான். திசுவை அரைத்து எடுத்த சராசரி எண்ணை வைத்து ஒரு செல்லுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. தொடங்கிய படியெடுப்பும் தடையின்றி ஓடிவிடுவதில்லை. பல மரபணுக்களில் பாலிமரேஸ் தொடக்கத்திலிருந்து 20 முதல் 60 எழுத்துகள் சென்று நின்று, மேலே செல்ல இன்னொரு சைகைக்குக் காத்திருக்கிறது.

டிஎன்ஏமீதும் ஹிஸ்டோன்மீதும் ஒட்டியிருக்கும் மெத்தில் போன்ற சிறு வேதித் தொகுதிகளை, அதாவது வேதிக் குறிகளைப் பற்றிப் பலரும் மிகுந்த உறுதியோடு எழுதுகிறார்கள். நானும் தினமும் அவற்றை அளக்கிறேன், ஆனால் அளந்தது காரணமா விளைவா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. பழ ஈயில் ஹிஸ்டோன் எச்3இன் 27ஆம் இடத்து லைசினை, மெத்தில் ஏற்க முடியாத வேறோர் அமினோ அமிலமாக மாற்றினால், அடங்கியிருக்க வேண்டிய உடலமைப்பு மரபணுக்கள் தவறான இடங்களில் விழித்துக்கொள்கின்றன. ஆகவே அந்தக் குறி அடக்கத்துக்குத் தேவையான ஒரு காரணம். ஆனால் இயங்கும் மரபணுக்களின் அடையாளமாக எல்லோரும் பயன்படுத்தும் 4ஆம் இடத்து லைசினை அதேபோல் மாற்றியபோது, பழ ஈயின் செல்களில் மரபணுக்கள் பெரிதும் வழக்கம்போலவே இயங்கின. இயக்கத்தோடு எப்போதும் சேர்ந்து வரும் ஒரு குறி, இயக்கத்துக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டியதில்லை. டிஎன்ஏ மெத்திலேற்றத்திலும் இதே சிக்கல் உண்டு. முதிர்ந்தவரின் சிவப்பணு முன்னோடிகளில் காமா புரமோட்டர் மெத்திலேறி இருக்கிறது. 1982இல் மெத்திலேற்றத்தைத் தடுக்கும் 5-அசாசைடிடின் என்ற மருந்தை நோயாளிக்குக் கொடுத்தபோது கருநிலை ஹீமோகுளோபின் உயர்ந்தது. குறி நீங்கியதால் மரபணு விழித்தது என்று எல்லோரும் எண்ணினார்கள். சில ஆண்டுகளுக்குள், மெத்திலேற்றத்தை நேரடியாகத் தொடாத ஹைட்ராக்ஸியூரியாவும் கருநிலை ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்று தெரியவந்தது. செல்பிரிவை நெருக்கடிக்கு உள்ளாக்குவதாலும் அதே விளைவு வரலாம் என்ற வாதம் அப்போது வலுத்தது. ஹைட்ராக்ஸியூரியா 1998இல் அமெரிக்காவில் அரிவாள் செல் நோய்க்கு (பீட்டா குளோபின் மாற்றத்தால் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் நோய்) ஒப்புதல் பெற்று இன்றும் பயன்படுகிறது. முதல் மருந்தின் விளைவில் குறி நீக்கத்தின் பங்கு எவ்வளவு, நெருக்கடியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது இன்றும் எளிதாக இல்லை.

இதுவரை பேசியது படியெடுப்பு மட்டுமே. பல பாடநூல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன, ஆனால் ஆர்என்ஏ உருவானபின் நடப்பதும் அதே அளவுக்கு முக்கியம். நம் மரபணுக்கள், ஆர்என்ஏயில் இறுதியில் தங்கும் எக்ஸான்களாகவும் இடையில் வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான்களாகவும் துண்டுபட்டவை. எங்கே வெட்டி எதை ஒட்டுவது என்பது செல்லுக்குச் செல் மாறலாம். பல எக்ஸான்கள் உள்ள மனித மரபணுக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் ஒட்டப்படுகின்றன. ஹீமோகுளோபின்-ஈ என்ற மாற்றத்தில் பீட்டா மரபணுவின் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது ஓர் அமினோ அமிலத்தை மாற்றுவதோடு, பக்கத்தில் மறைந்திருந்த ஒரு தவறான வெட்டு இடத்தையும் ஓரளவு விழிக்கச் செய்கிறது. அதனால் சரியான ஆர்என்ஏ குறைந்து, மெல்லிய தலசீமியா போன்ற விளைவு வருகிறது. கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் என்ற ஆல்ஃபா குளோபின் மாற்றம் இன்னும் நுட்பமானது. அதில் புரதத்தின் முடிவைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் சிதைந்துவிடுகிறது. ரைபோசோம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஆர்என்ஏயின் வால்பகுதிக்குள் ஓடி, அங்கே அமர்ந்து அந்த ஆர்என்ஏயைச் சிதையாமல் காத்துவரும் புரதங்களை இடித்துத் தள்ளிவிடுகிறது. 31 அமினோ அமிலங்கள் கூடுதலாக உள்ள சங்கிலி உருவாகிறது, ஆனால் மிகக் குறைந்த அளவில். படியெடுப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆர்என்ஏயின் ஆயுள்தான் குறைந்துபோனது.

சிவப்பணுவில் ஆர்என்ஏயின் ஆயுள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், உட்கருவை வெளியேற்றிய பிறகும் அந்தச் செல் ஓரிரு நாட்கள் ஹீமோகுளோபினைச் செய்துகொண்டே இருக்கிறது. அப்போது புதிய ஆர்என்ஏ வர வழியில்லை, முன்பே சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் வேலை நடக்க வேண்டும். கட்டுப்பாடு அங்கேயும் நிற்பதில்லை. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் போதாமல் போனால் எச்ஆர்ஐ என்ற நொதி, புரத உற்பத்தியைத் தொடங்கத் தேவையான காரணி ஒன்றின்மீது பாஸ்பேட்டை ஏற்றி, குளோபின் உற்பத்தியை மெதுவாக்குகிறது. ஹீம் இல்லாமல் குளோபின் மட்டும் குவிந்தால் செல் கெடும் என்பதால் இது தேவை. இரும்பைப் பற்றிய ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பு குறைந்த செல்லில் ஒரே புரதம் இரண்டு வெவ்வேறு ஆர்என்ஏக்களில் அமர்கிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினின் ஆர்என்ஏயில் அது தலைப்பகுதியில் அமர்ந்து புரத உற்பத்தியைத் தடுக்கிறது. இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் ஆர்என்ஏயில் வால்பகுதியில் அமர்ந்து அதைச் சிதையாமல் காக்கிறது. சேமிப்பு குறைகிறது, வரவு கூடுகிறது. இதற்காக ஒரு மரபணுவும் புதிதாகத் திறக்கவோ மூடவோ வேண்டியிருக்கவில்லை. இந்தப் படியில் மைக்ரோ ஆர்என்ஏக்களும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட அவை தூது ஆர்என்ஏக்களில் ஒட்டி அவற்றை அடக்குகின்றன. அவற்றின் முதல் எடுத்துக்காட்டை 1993இல் ஒரு சிறிய புழுவில் கண்டறிந்த ஆம்புரோஸ், ருவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, உத்தரவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருகிறேன். காரணிகள் மரபணுக்களை இயக்குகின்றன என்றால், அந்தக் காரணிகளின் மரபணுக்களை இயக்குவது யார் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போகலாம். அந்தச் சங்கிலி முடிவில்லாமல் போவதில்லை, கருமுட்டையில் போய் நிற்கிறது. முட்டை உருவாகும்போதே தாய் அதற்குள் ஆர்என்ஏக்களையும் புரதங்களையும் சேர்த்து வைத்திருக்கிறாள். தொடக்க நாட்களின் பிரிவுகள் அவற்றைக் கொண்டே நடக்கின்றன. பிறகு கருவின் சொந்த மரபணுக்கள் விழித்து, அண்டைச் செல்களிலிருந்து வரும் சைகைகளுக்கு ஏற்ப வெவ்வேறு காரணிகளைச் செய்யத் தொடங்குகின்றன. இந்தக் காரணிகளில் பல தம் மரபணுவையே மேலும் தூண்டி, மாற்றுப் பாதைக்கான காரணியை அடக்கிவிடுகின்றன. காட்டா-1 அப்படித்தான் செய்கிறது. ஆகவே தூண்டிய சைகை மறைந்த பின்னும் நிலை நீடிக்கிறது. செல் பிரியும்போது அந்தக் காரணிகள் இரு மகள் செல்களுக்கும் பங்கிடப்படுவதோடு, மெத்தில் குறிகளைப் புதிய இழையில் படியெடுக்கும் நொதியும் இருக்கிறது. கல்லீரல் செல்லுக்குத் தான் கல்லீரல் என்று தெரிவது, அதன் தாய்ச் செல்லில் இருந்த காரணிகள் அதற்கும் வந்து சேர்ந்திருப்பதால்தான். 2006இல் யமானகா எலியின் தோலிணைப்புச் செல்களில் நான்கே காரணிகளைச் செலுத்தி அவற்றைக் கருநிலைத் தண்டுச் செல்களுக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார். இந்த நிலைகள் எவ்வளவு உறுதியானவையானாலும் பூட்டிவிட்டவை அல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் செலுத்தப்பட்ட செல்களில் மிகச் சிறு பங்கே திரும்பின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உணவு, எண்ணம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்கிறேன். சூழலால் மரபணு வெளிப்பாடு மாறும் என்பதில் ஐயமே இல்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால், செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குச் சென்று நூற்றுக்கணக்கான மரபணுக்களின் அளவை மாற்றுகிறது. இது நம் உடலின் அன்றாட வேலை. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை சைகை அடங்கியதும் அடங்கிவிடுகின்றன. நீண்ட காலம் தங்கும் தடயங்களுக்கும் சான்று உண்டு. 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவானவர்களிடம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஐஜிஎஃப்-2 மரபணுவின் மெத்திலேற்றம் அவர்களுடைய உடன்பிறந்தோரைவிடக் குறைவாக இருந்ததை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. வேறுபாடு சிறியது, அதனால் உடல்நலத்தில் என்ன விளைந்தது என்பதை அந்த ஓர் அளவை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது வேறு விஷயம். பாலூட்டிகளில் கருவுற்ற பின் ஒருமுறையும், இனச்செல்கள் உருவாகும்போது இன்னொரு முறையும் மெத்தில் குறிகள் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. தாவரங்களிலும் சில புழுக்களிலும் இத்தகைய கடத்தல் நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. மனிதர்களில் அதற்கான சான்று வலுவற்றது. ஒரு மனப்பயிற்சியால் குறிப்பிட்ட மரபணுவைத் திறந்து பிள்ளைகளுக்கும் தரலாம் என்று சொல்பவர்களிடம் அதை நிறுவும் தரவு இல்லை. அதற்காகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அறிந்து, திட்டமிட்டு ஒரு மரபணுவின் அளவை மாற்ற முடியுமா என்று கேட்டால் முடியும், அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டும் குளோபினில்தான் இருக்கிறது. சிலருக்கு முதிர்ந்த பின்னும் கருநிலை ஹீமோகுளோபின் அடங்காமல் தொடர்கிறது, அவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். அத்தகைய சில குடும்பங்களில் காமா புரமோட்டரின் ஓர் எழுத்து மாறியிருந்தது நெடுங்காலமாகத் தெரியும். காமாவை அடக்கும் பிசிஎல்11ஏ என்ற புரதம் அமரும் இடம் அது என்பது பின்னர் உறுதியானது. அப்படியானால் பிசிஎல்11ஏயையே நீக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் அது மூளை வளர்ச்சிக்கும் பி செல்கள் உருவாவதற்கும் தேவை. அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும், கூடவே உயர்ந்த கருநிலை ஹீமோகுளோபினும் இருக்கின்றன. வழி கிடைத்தது என்ஹான்சரில். பிசிஎல்11ஏ மரபணுவின் இன்ட்ரான் ஒன்றுக்குள், சிவப்பணு முன்னோடிகளில் மட்டும் வேலை செய்யும் ஓர் என்ஹான்சர் இருக்கிறது. அதன் மையத்தில் காட்டா-1 அமரும் வரிசை இருக்கிறது. நோயாளியின் தண்டுச் செல்களை வெளியே எடுத்து, டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் அந்தச் சில எழுத்துகளை மட்டும் சிதைத்தால், சிவப்பணுப் பாதையில் பிசிஎல்11ஏ குறைந்து காமா எழுகிறது. மற்றச் செல்களில் அந்த மரபணு தன் வேலையைத் தொடர்கிறது. அரிவாள் செல் நோய்க்கும் பீட்டா தலசீமியாவுக்குமான இந்தச் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அரிவாள் செல் நோய்க்கு அமெரிக்கா அடுத்த மாதம் ஒப்புதல் அளித்தது. திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துமுன் எலும்பு மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் காலி செய்ய வேண்டியிருக்கிறது, அதன் சுமையும் ஆபத்தும் சிறியவை அல்ல. நான் ஆய்வகத்தில் வேலை செய்பவன், மருத்துவன் அல்லன். ஆகவே உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்நோய் இருந்து அதற்காகவே கேட்டிருந்தால், யாருக்கு இது ஏற்றது, யாருக்கு ஹைட்ராக்ஸியூரியாவே போதும் என்பதை இரத்தவியல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.